முழு வருகை

என் மகளின் கழுத்தில், இடது பக்கம், ஒரு கட்டி இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. ஏழு மாதமாக இருக்கிறது. வலிக்கவில்லை என்கிறாள். அது என்ன கட்டி என்று இதை எழுதும் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிகள் இரண்டு வந்து போய்விட்டன. இரண்டுக்கும் அவள் போகவில்லை. மூன்றாவது தேதி நெருங்கிய வாரத்தில், அடுப்படியில் நின்றாலும் கார் ஓட்டிக்கொண்டிருந்தாலும் எனக்கு ஒரே முகம்தான் கண்முன் வந்துகொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த ஓர் அக்காவின் முகம்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் அவரைப் 'பத்தும் ஆன்ட்டி' என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது, 'போதும்' என்ற பொருளில், அந்தச் சொல்தான். சோறு போடட்டுமா என்றால் "பத்தும் லா." குடை எடுத்துப்போங்கள் என்றால் "சின்ன மழைதான், முந்தானை பத்தும்." சம்பள உயர்வு இந்த வருடமும் இல்லையாம் அக்கா என்றால், "இருக்கறது பத்தும் லா, விடு."

செலண்டார் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பு நின்றது. பதினெட்டு வயதில், எஸ்டேட் வாசலுக்கே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போன பேக்டரி பஸ்ஸில் ஏறியவர், பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். கணவர் லாரி ஓட்டினார். இருவரும் சேர்ந்து பாயா ரும்புட்டில், மாடியில்லாத வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கினார்கள். இதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் கதை சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஓர் ஆப்பரேட்டரும் ஒரு லாரி டிரைவரும் வங்கியில் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, மூன்று அறைக்கும் விசிறி மாட்டி, முன்கூடத்தில் கண்ணாடி அலமாரி வைத்து, வாசலில் பெரிய காடி, அதாவது கார், நிறுத்தியிருந்தார்கள். நான் கல்யாணமாகி அந்த வரிசைக்கு வந்தபோது அப்படித்தான் இருந்தார்கள். நானும் அதே தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவில் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்திருந்தேன். அக்கா என்னை 'கிராணியம்மா' என்று கேலியாகக் கூப்பிடுவார். அவரைவிட நான் பத்து வயது சின்னவள்.

அவரைச் சிக்கனக்காரர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்துவதாகத் தெரியவில்லை. சிக்கனக்காரர்கள் வருவதைப் பிடித்து வைப்பார்கள். அக்கா, வருவது குறைந்தால் அந்தக் குறைவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்துகொண்டு, முன்பு இருந்ததைவிட இதுதான் வசதி என்று அடுத்தவரை நம்பவைப்பார். தானும் நம்புவார் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் போனது அந்தப் பெரிய காடி. எங்கள் வரிசையில் யாராவது புதிதாகக் காடி வாங்கினால், முனையிலிருக்கும் கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீடு வீடாகக் கேசரி கொடுப்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கேசரித் தட்டோடு என் வாசலில் நின்றார்.

"என்னக்கா, புதுக் காடியா?"

"புதுசுதான் லா, எங்களுக்கு."

எட்டிப் பார்த்தேன். அவர் வாசலில் பெயிண்ட் மங்கிய ஒரு சின்னக் காடி, நெற்றியில் சந்தனத்தோடு நின்றது.

"பெரிய காடி எங்க?"

"குடுத்தாச்சு. அது பெட்ரோல் குடிகாரன். வீட்டுக்கு ஒரு குடிகாரன் பத்தும்."

அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து அவர் கணவர், "கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று சத்தம் போட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த மாதம்தான் லாரிக் கம்பெனியில் அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் நின்றிருந்தது என்பது பிறகு தெரிந்தது. மூன்று வருடம் கழித்து அந்தச் சின்னக் காடியும் போய் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதற்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். அதற்கும் கேசரி கொடுத்தார். கேசரியில் முந்திரி இல்லை. அதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். அப்போதும் எனக்குத் தோன்றியது, 'பரவாயில்லையே, எவ்வளவு கெட்டிக்காரர்' என்பதுதான்.

வீடும் அப்படித்தான். விற்கவில்லை. அது முன்பக்கத்திலிருந்து சுருங்கியது. முன்னறையை எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்த இரண்டு நேப்பாளப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டார். அடுத்த வருடம் நடு அறை, பிறகு மூன்றாவது அறை. அதற்கடுத்து முன்கூடத்தைப் பலகை வைத்து மறைத்து இன்னொரு குடும்பம். கண்ணாடி அலமாரி பின்பக்கம் போனது. கடைசியில் அக்காவும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், அடுப்படிக்குப் பின்னால் தகரம் போட்டு இழுத்துக் கட்டிய இடத்தில் இருந்தார்கள். பின்சந்து வழியாகத்தான் வந்து போவார்கள். சொந்த வீட்டின் முன்வாசலைத் தொட வேண்டுமானால், அக்கா கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றி, "மாஃப் யா" என்று மலாயில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போவார்.

"ஒருமாதிரி இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"என்ன ஒருமாதிரி? கூட்டுற இடம் குறைஞ்சிருச்சு. முதுகு வலியும் குறைஞ்சிருச்சு."

தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்லத்தான் எனக்குக் கை தயங்குகிறது. ஏனென்றால் அங்கே நானும் இருந்தேன்.

எட்டு மணி நேரம் மூன்று ஷிப்ட் என்பதை, பன்னிரண்டு மணி நேரம் இரண்டு ஷிப்ட் ஆக்கினார்கள். சாப்பாட்டுக் கூப்பன் நின்றது. பஸ் எங்கள் தாமானுக்குள் வராமல் பெரிய ரோட்டோடு நின்றது. அக்கா லைன் லீடராக ஆகியிருந்தார். ஒரு நாள் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு, எல்லோரும் மூத்த ஆப்பரேட்டர்கள் என்றார்கள். பெயரில்தான் மூப்பு. பதவிப்படி போய்விட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கடிதம் வரும். அதில் தொழிலாளர்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடிதங்களை அச்செடுத்து அடுக்குவது என் வேலை. எங்கள் மேலாளர் ஒவ்வொரு முறையும் மலாயில் ஒரே வார்த்தைதான் சொல்வார்: "அந்த அக்காவை முதல்ல கூப்பிடு."

அக்கா வந்து உட்காருவார். கடிதத்தைப் படிக்க மாட்டார். "வேலை இருக்குல்ல?" என்று என்னைக் கேட்பார். இருக்கிறது என்பேன். கையெழுத்துப் போடுவார். அவர் போட்டுவிட்டால் பின்னால் நிற்கும் நாற்பது ஐம்பது பெண்களும் போட்டுவிடுவார்கள். ஷிப்டை மாற்றிய நாளில், வெளியே வரிசையில் முணுமுணுப்பு இருந்தது. அக்கா வெளியே போய் அவர்களிடம் சொன்னது என் மேசைவரை கேட்டது.

"எட்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போய் என்னடி பண்ணப் போறீங்க? டிவி முன்னால உட்காருவீங்க. இங்க ஏர்கான்."

ஒரு பெண் விடவில்லை. "அக்கா, நாளைக்கு மூச்சு விடறத குறைச்சிக்கச் சொன்னா?"

"மூக்குல ரெண்டு ஓட்டை எதுக்கு? ஒண்ணு பத்தும் லா."

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். மேலாளரும் என்ன என்று கேட்டு, மலாயில் விளக்கிச் சொன்னதும் சிரித்தார். அன்று மதியத்துக்குள் எல்லாக் கடிதமும் என் கைக்கு வந்துவிட்டன.

அக்கா குறைத்துக்கொள்ளாத ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய வருகை. எங்கள் தொழிற்சாலையில், மாதம் முழுவதும் ஒரு நாள்கூட விடாமல், மருத்துவ விடுப்புக்கான எம்.சி. ஒன்றுகூட எடுக்காமல் வருகிறவர்களுக்கு வருகைப்படி உண்டு. சம்பளம் ஏறாத காலத்தில் அந்தப் படிதான் பலருக்குக் கறிக்கும் மீனுக்கும். வருடம் முழுவதும் அப்படி வந்தவர்களின் பட்டியலை ஜனவரியில் அறிவிப்புப் பலகையில் நான்தான் ஒட்டுவேன். முதல் பெயர் அக்காவுடையது. பரிசாக ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, கெட்டில் என்று ஏதாவது கொடுப்பார்கள். அவர் வீட்டில் பிரிக்காத ரைஸ் குக்கர் மூன்று இருந்தது. தொடர்ந்து பத்து வருடம் முடித்தால் ஒரு தங்கக் காசு கொடுப்பதோடு, படமெடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்கள்.

ஒன்பது முடிந்திருந்தது. பத்தாவது ஓடிக்கொண்டிருந்தது.

"படத்த எங்க மாட்டுவாங்க? உள்ள நுழையறப்பவே தெரியுமா?" என்று கேட்டார் ஒரு நாள்.

"தெரியும்கா. ஜப்பான் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாகூட அதத் தாண்டித்தான் போகணும்."

"பெரிய படமா போடுவாங்களா?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. எதிலும் பெரிதைக் கேட்காதவர் படத்தைப் பெரிதாகக் கேட்டார். தீபாவளிக்கு வாங்கிய மயில்கழுத்து நிறச் சேலையை உடுத்தாமல், படமெடுக்கும் நாளுக்காக மடித்து வைத்திருந்தார்.

அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தன. அரசாங்கக் கிளினிக்கில், எங்கள் ஊர்க் காசில் ஒரு வெள்ளி கொடுத்தால் போதும். ரத்தப் பரிசோதனை, டாக்டர், மாத்திரை எல்லாம் அதற்குள். காசு பிரச்சினையில்லை. ஆனால் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு போனால் மத்தியானம் ஆகிவிடும். அரை நாள் போய்விடும். அரை நாள் போனால் வருகைப்படி போய்விடும். ஆண்டு விடுப்பு எடுத்தால் படி போகாது. ஆனால் அந்த விடுப்பை அவர் ஒவ்வொரு வருடமும் எடுக்காமல் வைத்து, கம்பெனியிடமே காசுக்குக் கொடுத்துவிடுவார். அதனால், ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும் மாத்திரைக்கு நேரமில்லாமல், இருக்கும் மாத்திரையை நீட்டித்தார். கேன்டீன் மேசையில் மாத்திரையைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டாக உடைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பாதி வாயில். இன்னொரு பாதி பிளாஸ்டிக் பைக்குள்.

"அது பாதி போடற மாத்திரையா அக்கா?"

"முழுசா போட்டா மயக்கம் வருது லா. பாதி பத்தும்."

மயக்கம் எதனால் வருகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் மணி ஒன்றே முக்கால் ஆகி, சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டிருந்தது.

நவம்பரில் அவர் என் முகப்பு மேசைக்கு வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, குனிந்து, சின்னக் குரலில் பேசினார்.

"கிராணியம்மா, வியாழக்கிழமை அரை நாள் வேணும் லா. கிளினிக்ல ரத்தம் எடுத்தாதான் இனி மருந்து தருவாங்களாம். ரெண்டு தடவ போகாம விட்டுட்டேன்."

"ஆண்டு விடுப்பு இருக்கா?"

"அதான் காசுக்கு எழுதிக் குடுத்துட்டேனே."

கணினியில் பார்த்தேன். உண்மைதான். சம்பளமில்லா விடுப்பு எழுதினால் முழு வருகை போய்விடும். எம்.சி. கொண்டுவந்தாலும் போய்விடும். பத்து வருடத்தில் மிச்சமிருந்தது ஆறு வாரம்.

அன்று நான் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

"அக்கா, இன்னும் ஆறு வாரம்தான். ஜனவரி ரெண்டாந்தேதி போங்களேன். பத்து வருஷத்த அரை நாள்ல கெடுத்துக்காதீங்க. மாத்திரை கொஞ்சம் இருக்குல்ல?"

யோசித்தார். "இருக்கு. பாதி பாதியா போட்டா வந்துரும்."

"அப்புறம் என்ன?"

"ஆமா லா. பத்தும்." முகம் தெளிந்து சிரித்தார். "நல்ல வேளை உன்கிட்ட கேட்டேன்."

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

டிசம்பரில், காலை பத்து மணி தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு, அவர் லைனில் சாய்ந்தார். கீழே விழக்கூட இல்லை. நாற்காலியிலேயே ஒருபக்கமாகச் சரிந்து, இயந்திரத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்துப் பெண் தட்டியிருக்கிறாள். நான் ஓடிப்போனபோது முதலுதவி அறையில் படுக்க வைத்திருந்தார்கள். வாய் ஒருபக்கம் இறங்கியிருந்தது. வலது கை துணி மாதிரிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வார்த்தைகள் குழறின. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"எம்.சி... போட்றாத."

அதற்குப் பிறகு அவர் முழுதாக ஒரு வாக்கியம் பேசவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு மேலாளரிடம் கேட்டேன், மூன்று வாரம்தானே, ஏதாவது செய்ய முடியாதா என்று. அவர் கெட்டவரில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்க" என்றார். பட்டியலைத் திறந்து அக்காவின் பெயர் இருந்த வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கீழே இருந்த பெயர்கள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன.

அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அக்கா இரண்டு வருடம் கிடந்தார். பேச்சு போய்விட்டது என்றார்கள். ஆனால் ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது. கணவர் சோறு பிசைந்து ஊட்டுவார். "இன்னும் கொஞ்சமா?" என்பார். அக்கா, "பத்தும்" என்பார். "தண்ணி வேணுமா?" "பத்தும்." "வலிக்குதா?" "பத்தும்."

"எது கேட்டாலும் அதத்தான் சொல்றா தங்கச்சி," என்றார் அவர் என்னிடம். "வேணும்னாகூட அதான். பசிக்குதா நிறைஞ்சிருச்சான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. வாய மூடிக்கிற வரைக்கும் ஊட்டிக்கிட்டே இருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தார். கண் மட்டும் வேறு ஏதோ சொன்னது. என்னவென்று நான் நின்று பார்க்கவில்லை. ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்று என்று பின்சந்து வழியாக வந்துவிட்டேன். பிறகு நான் அதிகம் போகவில்லை. அவர் இறந்த அன்றுதான் முன்வாசலைத் திறந்து வைத்தார்கள். வாடகைக்கு இருந்த நேப்பாளப் பெண்கள் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள், உடலை முன்னறையில் வைப்பதற்காக.

அவர் இறந்த மறு வருடம் தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. கடைசிக் கடிதங்களையும் நான்தான் அச்செடுத்தேன். கடைசியாக எனக்கானதையும். இப்போது ஒரு பாலர் பள்ளியில் கிராணி. அன்று வாங்கிய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறேன். என் கணவர் ஜொகூரில் வேலை செய்கிறார். மாதம் இரண்டு முறை வருவார்.

மகள் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவள். அதே தொழிற்பேட்டையில், வேறொரு தொழிற்சாலையில் டெக்னீசியன். ஆனால் அவள் அந்தத் தொழிற்சாலையின் ஆளில்லை. ஏஜெண்டின் ஆள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம். மூன்றாம் படிவத்தோடு நின்ற அக்காவுக்கு வங்கி வீட்டுக்கடன் கொடுத்தது. என் மகள் போய்க் கேட்டபோது, ஒப்பந்தக் கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிரந்தரமானதும் வாருங்கள் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்கள். சம்பளத் தாளைக் காட்டினாள். அதில் ஒரு வரி: வருகைப்படி. அடிப்படைச் சம்பளத்துக்கு அடுத்த பெரிய வரி அதுதான்.

தீபாவளியன்று அவள் கழுத்தில் சங்கிலி மாட்டிவிட்டபோதுதான் என் விரலில் அந்தக் கட்டி பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியார் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். முதல் தேதி கிடைத்தது. ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு வாரம் இருந்த சமயம் அது. எம்.சி. எடுத்தவர்களின் பெயரை ஏஜெண்ட் விட்டுவிடுகிறான் என்று அவளுடன் வேலை செய்பவர்கள் பேசிக்கொண்டார்கள். அவள் சமையலறை வாசலில் நின்று என்னைக் கேட்டாள், "என்னம்மா பண்ணலாம்?"

நான் காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன், "இன்னும் ரெண்டு வாரம்தானே. ஒப்பந்தம் புதுப்பிக்கட்டும். வலி இல்லல்ல?"

சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. வாரக்கணக்கில் உறைக்கவில்லை. இரண்டாவது தேதியை அவளே போன் செய்து மாற்றினாள். என்னிடம் சொல்லவுமில்லை. ஏனென்று கேட்டபோது, இந்த முறை நான்கு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், முழு வருகை உள்ளவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள் என்றாள். "நிரந்தரம் ஆயிட்டா அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் எம்.சி. எடுக்கலாம்மா. கம்பெனி மெடிக்கல் கார்டுல எல்லாச் செலவும் போட்டுக் குடுத்துருவாங்க. இப்ப என்ன, அது வளரக்கூட இல்ல." கண்ணாடியில் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். முடியை முன்னால் விட்டு மறைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். அந்த நிமிடத்தில்தான், முகப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்ற அக்காவின் முகமும், நான் அவருக்குச் சொன்ன வார்த்தைகளும் எனக்குத் திரும்ப வந்தன. அலமாரியைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது தேதி போன புதன்கிழமை. தேதி அடுத்த மாதத்துக்கு மாறிவிட்டது என்று அவள் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். மாறவில்லை.

புதன் காலை ஆறரைக்கு அவள் சீருடையில் கிளம்பினாள். தாமான் முனைக்கு ஏஜெண்டின் வேன் வரும். நான் வீட்டு உடையிலேயே பின்னால் நடந்தேன். அவள் ஒரு காலை வேனுக்குள் வைத்தபோது கையைப் பிடித்தேன்.

"அண்ணே, இவ இன்னிக்கு வரல," என்றேன் டிரைவரிடம்.

"வர்றேன் அங்கிள். அம்மா சும்மா..."

"ஆஸ்பத்திரிக்குத் தேதி இருக்கு. இவ ஏறினா நானும் ஏறுவேன்."

உள்ளேயிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஏறுங்க ஆன்ட்டி, ஆள் எடுக்கறாங்க. எங்க ஷிப்ட்ல ரெண்டு இடம் காலி," என்றாள் ஒருத்தி.

டிரைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மகளைப் பார்த்தார். "என்னம்மா, ஏறுறியா இல்லையா? எனக்கு இன்னும் மூணு தாமான் இருக்கு."

அவள் காலைக் கீழே வைத்தாள். வேன் போனது. அது பெரிய ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், "நான் நிரந்தரம் ஆகலன்னா நீங்கதான் காரணம்," என்றாள். ஆமாம் என்றேன்.

காரில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் எண் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவளுடைய போன் இரண்டு முறை அதிர்ந்தது. ஒரு முறை எடுத்துப் பார்த்தாள். ஏஜெண்டிடமிருந்து. என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை. போனைத் தொடையின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். எங்களைச் சுற்றிச் சீருடையில் வந்தவர்கள் பலர். வெவ்வேறு நிறம், வெவ்வேறு தொழிற்சாலை. எல்லோரும் கதவுக்கு மேலிருந்த எண்ணையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகளைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். கழுத்தில் விரல் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே கேட்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்," என்றாள் மகள்.

"ஏழு மாசம்," என்றேன் நான்.

விரல்கள் நின்றன. டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏழா? அப்ப முதல் தேதிக்கு ஏன் வரல?"

மகள் வாயைத் திறந்தாள். எனக்காக ஒரு பொய் சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"நான்தான் தள்ளிப் போடச் சொன்னேன்," என்றேன்.

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறிப்பில் ஏதோ எழுதினார். கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தாதியிடம் இரண்டு ஊசி கேட்டார். என்னை எழுந்து சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். திரையின் அடியில், கட்டிலிலிருந்து தொங்கிய என் மகளின் கால்கள் மட்டும் தெரிந்தன. தொழிற்சாலைச் சப்பாத்தோடு.

"முழுங்காதீங்க. பேசாதீங்க. வலிச்சா கைய மட்டும் தூக்குங்க, நிறுத்திடறேன். சரியா?"

சரி என்று அவள் சொன்னது கேட்டது. பிறகு சத்தமே இல்லை. கால்கள் கணுக்காலில் மடங்கின. விரிந்தன. மறுபடி மடங்கி, அப்படியே நின்றன. டாக்டர் நிறுத்தியதாகக் கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கினாளா, வலியைப் பொறுத்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.